மோலெஃபி இப்போது என்ன செய்கிறான்?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எனக்கு ஒரு வேலை உண்டு. ஊர்த் தலைவரின் மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால் ஊர் கூடும்போது நான் எழுந்து நின்று, நம் நிதியில் படித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பல வருஷமாகச் சொல்கிறேன். டீச்சர் என்பதால் எனக்குக் குரல் உண்டு, அவ்வளவுதான் காரணம்.

நிதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் லெசோத்தோ மலை ஆண்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். அங்கே ஒருவன் செத்தால் உடலை ஊருக்குக் கொண்டுவர ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. மிஞ்சியதை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது மொகெலே பெரியவர், "பொணத்துக்கு வச்சதப் புள்ளைக்குக் குடுப்போம்" என்றாராம். அப்படிப் படித்த முதல் பிள்ளை நான். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பலர்.

சொல்வதில் ஒரு பக்குவம் வேண்டும். என்தபிசெங் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள். நான் நர்ஸ் என்று சொல்வேன். நர்ஸ்தான், பொய் இல்லை. ரெஃபிலோ விவசாயம் படித்துவிட்டுத் தலைநகர் மசேருவில் டாக்ஸி ஸ்டாண்டில் குடைக்குக் கீழே உட்கார்ந்து போனுக்கு டாப்-அப் விற்கிறான். டெலிபோன் துறையில் இருக்கிறான் என்பேன். அவன் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அவளுக்குத் தெரியும்.

மோலெஃபிக்கு மட்டும் எந்தப் பக்குவமும் தேவைப்படவில்லை. "மோலெஃபி நில அளவையாளர். அணை ஆபீஸ்ல வேலை கெடச்சிருக்கு" என்று நான் சொன்ன அன்று பெண்கள் குலவையிட்டது ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். மொகெலே பெரியவர் தொப்பியைத் தூக்கி மேலே எறிந்தார். அவருக்கு மோலெஃபி தம்பி மகன். தம்பி சுரங்கத்தில் பாறை சரிந்து போனவர். தாயும் இல்லாத பிள்ளையை இவர்தான் வளர்த்தார்.

எங்கள் பள்ளத்தாக்கில் அணை வரப்போவது அப்போதே எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் கீழ்ப் பக்கத்து ஊர் ஹா செகாட்டே. அந்த ஊர்க்காரர்கள் மாற்று இடம் கேட்டு மனு எழுதிக்கொண்டு மசேருவுக்கும் மாவட்ட ஆபீஸுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாவம், அவங்களுக்கு உள்ள ஆள் இல்ல. செருப்பு தேய நடக்கட்டும்" என்பான் தாவு. மோலெஃபியோடு ஒன்றாக மாடு மேய்த்தவன் அவன்.

"நமக்கு?"

"நமக்கென்ன டீச்சர். நம்ம புள்ள உள்ள ஒக்காந்திருக்கான்."

மார்ச் மாதம், எங்கள் பக்கம் அதுதான் இலையுதிர் காலம், மோலெஃபி ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கினான். கூட ஒரு மேலாளரும் இரண்டு பேரும். தலைவர் கொவாபானே ஊர்க்கூட்டம் கூட்டினார். ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கற்களில் உட்கார்ந்தார்கள். மோலெஃபி நடுவில் வந்து நின்று வணக்கம் சொன்னான்.

"யாரு பேசப்போறது?" என்றான் தாவு.

"நான்தான்டா, தாவு."

"எந்த வருஷத்து மலை நீ? உன் பாட்ட மொதல்ல பாடு. கேட்டுக்கறோம்."

ஆண்கள் சிரித்தார்கள். 

எங்கள் ஊரில் பையன் ஆண் ஆவது வயசால் அல்ல. மலைக்குப் போய்க் குடிலில் சில மாதம் இருந்து இறங்க வேண்டும். இறங்கும்போது தானே கட்டிய புகழ்ப்பாட்டைப் பாட வேண்டும். போகாதவனுக்குத் தலை நரைத்தாலும் அவன் பையன்தான். ஆண்கள் கூட்டத்தில் பையனின் பேச்சு எடுபடாது. மோலெஃபி போகவில்லை. போகாமல் இருந்தது அவனால் அல்ல. அவன் வயசுப் பையன்கள் கிளம்பிய அதிகாலை அவனும் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறிவிட்டான். மொகெலே பெரியவர்தான் ஓடிப்போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தார். "மல எங்கயும் போகாது. பரீட்ச போயிடும். ஊரு காசுல படிக்கறவன் நீ" என்றார். அழுதுகொண்டே பரீட்சைக்குப் போனான். மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். அதற்கப்புறம் ஹாஸ்டல், பல்கலைக்கழகம், வேலை. மலைக்கு நேரமே வரவில்லை.

"வாய மூடுறா தாவு" என்றார் பெரியவர். "ஆபீஸ் அனுப்பியிருக்கு. ஆபீஸ் வாயா பேசிட்டுப் போகட்டும்."

மோலெஃபி பேசினான். அணைத் தண்ணீர் எதுவரை வரும் என்று கையால் காட்டினான். ஊர் முழுக்கப் போய்விடும். தொழுவம், பள்ளிக்கூடம், சர்ச், எல்லாம்.

"மேல இருக்கற மேட்டுநிலம் காலியா இருக்கு. புல் இருக்கு, ஊத்து இருக்கு. ஊரே ஒண்ணா அங்க போயிடலாம். ஆனா ஒரு விஷயம். வீட்டுத் தலைவர்கள்ல பாதிக்கு மேல ஒரே கூட்டத்துல நேர்ல நின்னு அதக் கேக்கணும். ஆபீஸ் ஆளு முன்னாடி கேக்கணும். ஆகஸ்ட் கடைசிக்குள்ள. இல்லன்னா எங்கெங்க எடம் இருக்கோ அங்கெல்லாம் ஒவ்வொரு வீடா பிரிச்சு அனுப்பிடுவாங்க. அந்த மேட்ட ஹா செகாட்டேக்காரங்களும் கேக்கறாங்க. தயவுசெஞ்சு இன்னிக்கே கேட்டுடுங்க. ஆபீஸ் ஆளுங்க இங்கயே இருக்காங்க."

யாரும் அசையவில்லை. ஒரு கிழவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, "இவ்ளோ அவசரப்படுத்தறானே, ஆபீஸுக்கு நம்மகிட்ட என்னமோ வேணும்போல" என்றார். இன்னொருவர், முதலில் கேட்பவனுக்குக் கெட்ட இடம்தான் கிடைக்கும், பொறுத்திருந்தால் வேறு நல்ல இடம் காட்டுவார்கள் என்றார். மோலெஃபி திரும்பவும் சொன்னான். குரல் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று தூசியை வாரி அடித்தது. அவன் ஒரு கண்ணைக் கசக்கினான்.

பெரியவர் என் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா டீச்சர்? கண்ணக் காட்டிட்டான்."

"தூசி, பெரியவரே."

"உனக்குத் தூசி. எங்களுக்குச் சேதி. மேலாளர் பக்கத்துல நிக்கறான்ல, அவன் இருக்கும்போது இப்படித்தான் பேசியாகணும். உள்ள போயி நமக்கு வேண்டியதப் பண்ணிடுவான்."

கூட்டம் கலைந்தது. அப்புறம் பேசலாம் என்றார் தலைவர். வண்டிக்குப் பக்கத்தில் மோலெஃபி என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. நம்பல."

"ஏன்?"

"ஆபீஸ் ஆளா பேசுனா ஏமாத்தறே. ஊர்ப்புள்ளையா பேசுனா பொடியன். அதுக்கு மேல, நீ எப்படியும் காப்பாத்திடுவேன்னு வேற நெனச்சுக்கிட்டிருக்காங்க."

அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஆபீஸ்ல என்ன நடக்குது தெரியுமா? தேதிய ஒரு மாசம் தள்ளி வைங்கன்னு கேட்டேன். 'உன் சொந்த ஊருக்காகப் பேசறியா'ன்னாரு மேலாளர். எங்க ஊர் சம்பந்தமா எது வந்தாலும் எங்கிட்டக் காட்டறதில்ல இப்போ. அளவெடுக்க மட்டும் அனுப்பறாங்க. வேற ஊரா இருந்திருந்தா நான் சொல்றதக் கேட்டிருப்பாங்க."

"வேற ஊரா இருந்திருந்தா ஊருக்காரங்களும் கேட்டிருப்பாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுண்டிவிட்டது.

ஏப்ரல் போனது. மே மாதம் சோள அறுவடை. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பெண்கள் கேட்டார்கள். கணவன் இல்லாத வீடுகளில் பெண்தான் தலைவி, அவர்கள் எல்லோரும் வரத் தயார் என்றார்கள். ஆனால் பாதிக்கு மேல் வேண்டும். ஆண்கள் வராமல் பாதி வராது.

ஆண்கள் வேறொன்றில் மும்முரமாக இருந்தார்கள். பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது, இந்த மலையில் இதுதான் கடைசிக் குடில் என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் தாத்தாக்கள் இறங்கிய பாதையில் கடைசியாக ஒரு கூட்டம் பையன்கள் இறங்க வேண்டும். ஊரில் இருந்த வயசுப் பையன்கள் எல்லோரையும் சேர்த்தார்கள். வழக்கமாகச் சில ஆண்கள்தான் பையன்களோடு போய்த் தங்குவார்கள். இந்த முறை அப்பன்கள், சித்தப்பன்கள், முட்டி வலிக்கும் கிழவர்கள் எல்லோரும் போனார்கள். ஜூன் மாதம் பனி விழுவதற்குள் ஊரில் ஆம்பளைக் குரலே இல்லாமல் போனது. தலைவரும் மேலேதான்.

குடில் தொடங்கிவிட்டால் பாதியில் விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் பையன்களுக்கு ஆகாது. பெண்களும் மலைக்குப் போகாத ஆண்களும் கிட்டே நெருங்கக் கூடாது. ஊருக்கும் அதற்கும் நடுவில் ஓடுகிற ஓடைதான் எல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மகனும் மேலேதான் இருந்தான். இதெல்லாம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வருஷம் மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

ஆகஸ்ட் பாதியில் மோலெஃபி லீவு போட்டுவிட்டு டாக்ஸியில் வந்தான்.

"ஹா செகாட்டேக்காரங்க ஊரோட நின்னு கேட்டுட்டாங்க அக்கா. ஆனா அவங்களுக்கு இன்னும் குடுக்கல. நம்ம ஊருக்கு முன்னுரிமை இருக்கு, தேதி வரைக்கும் காத்திருக்காங்க. நம்மாளுங்க ஒரு நாள் இறங்கி வந்தாப் போதும். ஆபீஸ் ஆள நான் கூட்டிட்டு வர்றேன்."

ரெண்டு பேரும் ஓடை வரைக்கும் நடந்தோம். ஓரமெல்லாம் உறைபனி. மேலே, பாறைகளுக்கு அந்தப் பக்கம், புகை தெரிந்தது. பையன்கள் பாடுவது காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. மோலெஃபி வாயருகே கைகளைக் குவித்துக் கத்தினான். ரொம்ப நேரம் கழித்துத் தாவு ஒரு கம்போடு இறங்கி வந்தான்.

"என்னடா பொடியா, வழி தப்பிட்டியா? ஓடையத் தாண்டி வா. இன்னிக்கே உன்ன ஆம்பள ஆக்கிடறோம். கம்பளி கூட எடுத்து வச்சிருக்கோம்."

"பெரியப்பாவக் கூப்பிடுறா. அவசரம்."

"பெரியப்பா கஞ்சி குடிக்கறாரு."

"தாவு, உன் கால்ல விழறேன். கூப்பிடு."

தாவு கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். கேலி முகம் மாறியது. போய்க் கூப்பிட்டான். மொகெலே பெரியவர் கம்பை ஊன்றி மெதுவாக வந்து அந்தக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இளைத்திருந்தார், ஆனால் பத்து வயசு குறைந்தவர்போல் இருந்தார்.

"சொல்லுப்பா. நல்லா இருக்கியா? சாப்பிடறியா?"

மோலெஃபி எல்லாவற்றையும் சொன்னான். ஓடைச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னான். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை.

"சரிப்பா. பையனுங்க இறங்கட்டும். அடுத்த நாளே கூட்டம் போட்டுடுவோம். எல்லாரும் நிப்போம்."

"எப்ப இறங்குவாங்க?"

"பீச் மரம் பூக்கும்போது."

"அதுக்குள்ள தேதி போயிடும் பெரியப்பா."

"நீதான அங்க இருக்கே. கொஞ்சம் தள்ளி வை."

"என்னால முடியாது. நான் அளக்கறவன். தேதி வைக்கறவன் இல்ல."

பெரியவர் சிரித்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா டீச்சர், எவ்ளோ அடக்கம்! படிச்ச புள்ளைக்குப் பெரும பேசத் தெரியல" என்றார்.

"பெரியவரே, அவன் நெசமாத்தான் சொல்றான்" என்றேன். "அவனுக்கு அங்க ஒரு அதிகாரமும் இல்ல. தயவுசெஞ்சு இறங்குங்க. பாதிப் பேராவது."

"பாதில இறங்குனா இந்தப் புள்ளைங்க கதி என்ன? உன் மகன் உள்ள இருக்கான். அவன வச்சுக்கிட்டா இறங்கச் சொல்றே?"



மோலெஃபி ஷூவோடு தண்ணீரில் இறங்கினான். முழங்கால் வரை. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அக்கரையில் தாவு கம்பைத் தூக்கவில்லை, வழி விட்டு விலகித்தான் நின்றான். ஆனால் அக்கரை ஏறினால் அவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பையன்களோடு உள்ளேதான் உட்கார வைப்பார்கள், குடில் முடிகிற வரைக்கும். அப்புறம் ஊரைப் பற்றி ஆபீஸில் ஒரு வார்த்தை பேசக்கூட ஆள் இருக்காது. அதெல்லாம் அவன் மனசில் ஓடியிருக்க வேண்டும். ஓடைக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டான்:

"அன்னிக்கு ஏன் பெரியப்பா என்ன இழுத்துட்டு வந்தீங்க?"

"ஏன்னா இன்னிக்கு நீ அங்க இருக்கணும்னுதான்" என்றார் பெரியவர். அவ்வளவு அன்பாகச் சொன்னார். "போ, குளிருது. ஈரத்துல நிக்காத."

அவர் எழுந்து மேலே போனார். நாங்கள் திரும்பினோம். வழியெல்லாம் அவன் ஷூவில் தண்ணீர் சளசளத்தது. 

பெண்கள் நாங்கள் கடைசி நாள் தொழுவத்துக்கு முன்னால் போய் நின்றோம். ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மரியாதையாகத்தான் பேசினார், "இது பத்தாதும்மா" என்றார். அடுத்த வாரமே மேட்டுநிலம் ஹா செகாட்டேக்குப் போனது.

செப்டம்பரில் பீச் பூத்தது. குடிலுக்குத் தீ வைத்துவிட்டுப் பையன்கள் இறங்கினார்கள். செம்மண் பூசி, புதுக் கம்பளி போர்த்தி, பின்னால் எரிவதைத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். பார்க்கக் கூடாது. என் மகன் அவன் கட்டிய பாட்டைப் பாடினான். எங்கள் ஊர் ஓடையின் பெயர், மலையின் பெயர் எல்லாம் அதில் வந்தது. நான் குலவையிட்டேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும். மறுநாள், சொன்னபடியே மொகெலே பெரியவர் கூட்டம் கூட்டினார். எல்லா ஆண்களும் வந்து நின்றார்கள். ஒருவர் விடாமல். மேட்டுநிலம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டுக்கொள்ள ஆபீஸ் ஆள் யாரும் இல்லை.

அக்டோபரில் மோலெஃபி வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு வந்தான். தண்ணீர் ஏறும் மட்டத்தைக் கல்லுக்குக் கல் குறிக்கும் வேலை. பள்ளிக்கூடச் சுவரில் ஜன்னலுக்கு மேலே ஒரு கோடு போட்டான். நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. பெரியவர் வீட்டில் கோடு போட இடமே இல்லை. அந்த வீடு கூரையோடு முழுக்கக் கோட்டுக்குக் கீழே. பெரியவர் வெளியே வந்து அவனுக்குப் புளித்த கஞ்சி கொடுத்தார். குடித்துவிட்டுப் போனான்.

நவம்பருக்குள் ஊர் பிரிந்தது. யாருக்கு எங்கே இடம் இருந்ததோ அங்கே. என் வீட்டை ஒரு பக்கம் போட்டார்கள், தாவுவை இன்னொரு பக்கம். அவன் ஆடுகளுக்கு அங்கே மேய்ச்சல் இல்லை என்று விற்றுவிட்டான். பெரியவரைச் சமவெளியில் ஒரு டவுன் ஓரத்தில் வரிசை வீட்டில் விட்டார்கள். தகரக் கூரை. தொழுவம் கட்ட இடம் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூட்டம் இருக்காது என்று நினைத்தேன். ஆனால் வந்தார்கள். தண்ணீர் இன்னும் அவ்வளவு ஏறவில்லை. டாக்ஸியிலும் நடந்தும் வந்து, கூரை பிரித்த வீடுகளுக்கு நடுவில், பழைய கற்களில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். மோலெஃபியும் வந்திருந்தான். பின்னால், பெண்களுக்கும் பொடியன்களுக்கும் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்கு அங்கேதான் இடம்.

நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் மொகெலே பெரியவர் கேட்டார்.

"டீச்சர், மொதல்ல அதச் சொல்லு. மோலெஃபி இப்போ என்ன பண்றான்?"

"அதே ஆபீஸ்லதான் இருக்கான், பெரியவரே."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? இன்னும் அங்கதான் இருக்கான். எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நான் செவுத்துல ஒரு ஆணி கூட அடிக்கல. மூட்டையப் பிரிக்கல. எப்ப வேணாலும் கூப்பிடுவான்." பின்னால் தேடி அவனைக் கண்டுபிடித்தார். "எவ்ளோ நாளாகும்ப்பா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாவுவும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை, பாட்டுப் பாடச் சொல்லவில்லை. மோலெஃபி எழுந்து நின்றான். மேட்டுநிலத்தில் ஹா செகாட்டேக்காரர்களின் புதுக் கூரைகள் வெயிலில் பளபளத்தது இங்கிருந்தே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். 

"பாக்கறேன் பெரியப்பா" என்றான். "பேசிட்டிருக்கேன்."

"அதான!" என்றார் பெரியவர்.

ஒரு பெண் குலவையிட்டாள். அப்புறம் எல்லோரும். தாவு தன் கல்லை விட்டு எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டு, "வா, முன்னாடி வந்து ஒக்காரு" என்று இழுத்துப் போனான். ஆண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மோலெஃபி முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

சத்தம் அடங்கும் வரை நின்றேன். அடுத்தது என்தபிசெங். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள் என்று சொன்னேன்.